பழைய கட்டையை முகர்ந்த எலி

பதினாலு வருஷமாக நான் பேசாத தங்கச்சிக்கு,

பேத்தி தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பூமியின் காந்தம் சரியாக எட்டாத பெட்டியில் ஒரு மாதம் வளர்ந்த எலியைக் காட்டினாள். அதன்முன் முந்தாநாள் பழகிய மரக்கட்டை ஒன்று, புதுசு ஒன்று. நினைவுள்ள எலி பழசைச் சீந்தாதாம். இதுவோ பழசையே புதுசுபோல ஆசையாக முகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத காந்தம் குறைந்தால் நினைவு ஏன் குறைகிறது? அவளுக்கே முழுசாகத் தெரியவில்லை.

“என்னையும் உள்ளே உட்கார வையேன்டி.”

“உங்க மூளைகிட்ட பெட்டிதான் தோத்துப்போகும் பாட்டி! எதை மறக்கணும்?”

உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் மகள் கல்யாணத்தில் முன்வரிசையிலிருந்து என்னை எழுப்பிவிட்டாயே, அதைத்தான்.

எலிபோல மறந்துவிட்டு வர எனக்கு வராது. மறக்காமலே ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வீட்டில் இரு.

உன் அக்கா