ஜிபினுக்கு விசா எடுக்கவில்லை

ஷார்ஜா

அன்புள்ள லீமாவுக்கு, மாதா துணையில் நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

உன் தம்பி ஜிபினைத் திருப்பி அனுப்புகிறேன். பெரிய விஷயமொன்றுமில்லை. இன்ஜினியரிங் முடித்து நாலு வருஷம் சும்மா இருந்தவனாயிற்றே என்று விசிட் விசாவில் வரவழைத்து நம் மீன்கடையில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு டீச்சர் நெய்மீனைக் காட்டி, "இன்னைக்குள்ள மீனா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர், மூணு நாளா ஐஸ்ல கெடக்கு" என்றான்.

"ஏலே, பாவசங்கீர்த்தனம் பண்ணவா இங்க வந்த?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டேன். நம் ஊர் இனயம் கரையில் பிடித்த மீன் அன்றே ஏலம் போய்விடும். மீனுக்கு வயசு குறைத்துச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் டீச்சர் வந்து, அவனிடம்தான் வாங்குவேன் என்றார். ஊருக்குப் போய்விட்டான் என்றேன். பின்னால் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவன் கேட்டுவிட்டான்.

"இனி எல்லாமே இன்னைக்குள்ள மீனுண்ணு சொல்லுதேன் அத்தான், விசா எடுத்துத் தாங்க" என்று வந்து நின்றான். சொல்லும்போதே முகம் காட்டிக்கொடுத்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே பிழைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விமானம். திருவனந்தபுரத்துக்கு நீயே போய்க் கூட்டிக்கொள். இங்கே யாராவது வந்தால் வலித்தைலம் கொடுத்துவிடு. அவன்தான் முதுகில் தேய்த்துவிடுவான். இனி கை எட்டுகிற இடம்வரை நானே தேய்த்துக்கொள்கிறேன்.

கடைக்கு மீன் வாங்க ஆள் வந்துவிட்டது.

கிளீட்டஸ்