முந்திக் கட்டிய பனர்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

சோளகக் காற்று பேயாக வீசுகிறது. பாலம் தாண்டியதிலிருந்து பல்லுக்குள் மண். பஸ்ஸால் இறங்கினால் சந்தியில் கட்டிய பனரில் என் முகம், ஆளை விட உயரம். 'எங்கள் மண்ணின் மகள் பேராசிரியர் றெஜினாவை வாழ்த்துகிறோம்.' கீழே: ஞாயிறு, திருவிழாப் பூசை முடிந்ததும் கௌரவிப்பு. படம் மச்சாளின் கலியாணத்தில் எடுத்தது. மச்சாளை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அவள் கை மட்டும் என் தோளில் கிடக்கிறது.

நான் பேராசிரியர் இல்லை. சிரேஷ்ட விரிவுரையாளர். நேர்முகம் போன மாதம்தான் நடந்தது. முடிவு பல்கலைக்கழகப் பேரவைக்குப் போவது இந்த வெள்ளி. அவர்கள் சம்மதித்தால்தான் உண்டு.

அண்ணனிடம் கேட்டேன். திருவிழாக் குழுவின் செயலாளர் அவர்தான், பனரும் அவருடைய வேலை.

"நேர்முகம் நல்லாப் போச்சுது எண்டு நீதானே அம்மாட்டைச் சொன்னனி?"

"நல்லாப் போச்சுது எண்டா, கிடைச்சிட்டுது எண்டோ அருத்தம்?"

"பூசையில வாசிச்சாச்சு."

அதுதான் நடந்திருக்கிறது. அம்மா நன்றிப் பூசைக்குக் கொடுத்திருக்கிறார். பாதர் போன ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால், 'பேராசிரியராக உயர்வு பெற்ற றெஜினாவுக்காக' என்று வாசித்துவிட்டார். எங்கள் ஊரில் பூசையில் வாசித்தால் அரசாங்க வர்த்தமானியில் வந்த மாதிரி. இனிப் பாப்பரசரே வந்து இல்லை என்று சொன்னாலும் எடுபடாது.

சரியான கோபம். ஆனால் ஒளிப்பானேன், பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்க்க நன்றாகவும் இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 13, புதன்

நித்திரை இல்லை. காற்று.

செய்ய வேண்டியவை: இரண்டாம் வருட விடைத்தாள் (கட்டே பிரிக்கவில்லை). அம்மாவின் கண் மருந்து. வி.க்குப் போன். பாதரைக் காண. செய்தது: கண் மருந்து. பின்னேரம் ஒருமாதிரி வி.

வி. என் பக்கத்து அறைக்காரி. திணைக்களத்தில் காற்றுப் பட்டாலும் அவளுக்குத் தெரியும். வீட்டில் சிக்னல் இல்லை, கடற்கரைக்குப் போய் எடுத்தேன். என் ஆய்வுகளை வாசித்து அறிக்கை எழுதிய மூன்று வெளியாட்களில் இருவர் நல்லாய் எழுதியிருக்கிறார்களாம். மூன்றாமவர் 'கொஞ்சம் கடுமை'. எவ்வளவு கடுமை? தெரியாதாம். பொய் சொல்லும்போது அவள் குரல் கீழே போகும். போனது.

திரும்பி வரும்போது பெரியம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, பேராசிரியர் எண்டா டொக்டரை விடப் பெரிசோ?"

"இல்லைப் பெரியம்மா. எனக்கு ஊசி போடத் தெரியாது."

"அப்ப என்னத்தைச் செய்யிறனி?"

சொன்னேன். மெல்லிய தகட்டை உருட்டிக் கோபுரமாக நிறுத்தினால், எவ்வளவு பாரத்தில் அது நெளிந்து சரியும் என்று கணக்குப் பார்ப்பது. பெரியம்மா கரையோரம் சுற்றுகிற காற்றாலைகளைக் காட்டினார்.

"உது விழுமோ?"

"விழாது."

"அப்ப என்னத்துக்குக் கணக்கு?"

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் பிடித்தது, அவரோடு இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

காலை பாதரிடம். அவருடைய கந்தோர் அறையில் இருக்கக் கதிரை இல்லை, எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. நின்றபடியே சொன்னேன்.

"பாதர், இன்னும் முடிவு வரேல்லை. அந்தப் பட்டத்தை எடுத்துப்போட்டு, சும்மா வாழ்த்து எண்டு வையுங்கோவன்."

"வரும் பிள்ளை. அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. நாளைக்குப் போறாவாம்."

"வராட்டி?"

"மாதா பாத்துக்கொள்ளுவா."

மாதாவுக்குப் பேரவையில் வாக்கு இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

பி.ப. விடைத்தாள். 'இந்தத் தூண் நெளியாது, ஏனென்றால் அது நெளியக் கூடாது' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அரைப் புள்ளி போட்டேன். பிறகு வெட்டினேன். பிறகு திரும்பப் போட்டேன்.

இருக்க முடியவில்லை. கிணற்றடி, படலை, திரும்பக் கிணற்றடி. "என்ன பிள்ளை, குட்டி போட்ட பூனை மாதிரி?" என்றார் அம்மா. மடுவுக்குக் கொண்டுபோக மெழுகுதிரியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். பெரிய மெழுகுதிரி.

ஓகஸ்ட் 15, வெள்ளி

அம்மா விடியவே மடுவுக்கு. வீட்டில் நான் தனிய.

பி.ப. கடற்கரையில் நிற்க வி. எடுத்தாள். இல்லையாம். மூன்றாமவரின் அறிக்கைதான் எடுபட்டதாம். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அறிக்கையின் பிரதி எப்படியோ அவள் கையில் இருந்தது. வாசி என்றேன். வேண்டாமடி என்றாள். வாசி.

கடைசிப் பந்தி: கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு இவர் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே கணக்கு. விளிம்பு மட்டும் மாறுகிறது.

அழவில்லை. பக்கத்தில் ஒரு வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தபடி நின்றேன். விளிம்பை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தானே தகட்டின் பலமே இருக்கிறது, அது அந்த ஆளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதியிருக்கிறார். விசரன் ஒருவன் எழுதியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன்.

இருட்டுப்பட அம்மா வந்தார். சனம் நெரிந்ததாம், கால் வீங்கிப் போயிருக்கிறது. சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த மடு மண்ணை என் நெற்றியில் பூசி, "இனிப் பயமில்லை" என்றார். அம்மாவின் காலுக்குச் சுடுதண்ணி வைத்தேன்.

ஓகஸ்ட் 16, சனி

யாருக்கும் சொல்லவில்லை. எங்கே போனாலும் ஆட்கள், எல்லார் வாயிலும் 'பேராசிரியர்'. மீன் வாங்கப் போனால் விளை மீனில் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தந்தார்கள்.

பனரின் ஒரு பக்கம் காற்றில் கிழிந்து என் முகம் மடிந்து தொங்கியது. கிழியட்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் ஏணி கொண்டுவந்து ஏறி, வலை கட்டும் தங்கூசி நூலால் தைத்துக் கட்டினார். ஏணி பிடித்தது நான். பிடித்தபடியே சொன்னேன்.

"அண்ணா, கிடைக்கேல்லை."

காற்றில் கேட்கவில்லை. "என்ன?"

"ஒண்டுமில்லை. பாத்து இறங்குங்கோ."

கோழை.

பேச்சு எழுதிப் பார்த்தேன். கிழித்தேன். பூசையில் நன்மை வாங்கின வாயோடு மேடையில் பொய் சொல்ல என்னால் ஏலாது. நாளை எல்லாருக்கும் முன்னால் சொல்வது என்று முடிவு. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பூசை. புனிதரின் சுருவம் ஊரைச் சுற்றி வந்தது. பிறகு மண்டபம், பாண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை. மைக்கைக் கையில் தந்தார்கள்.

"நான் பேராசிரியர் இல்லை. விண்ணப்பிச்சனான், தரேல்லை. என்ரை வேலை காணாது எண்டு சொல்லிப்போட்டினம். இந்தப் பொன்னாடை எனக்கு உரியதில்லை."

பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும்.

"இல்லை, உண்மையாத்தான் சொல்றன்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பாதர் எழும்பி வந்து மைக்கை வாங்கினார்.

"படிச்சவை எப்பிடிக் கதைக்கினம் எண்டு பாருங்கோ. இதுதான் தாழ்ச்சி. பிள்ளையள், இதைப் பழகுங்கோ."

அம்மா அழுதார். பெரியம்மா அழுதார். யாரோ ஒரு குழந்தையை என் கையில் தந்து படம் எடுத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு ஐயா கையைப் பிடித்து, "காத்தாடி விழாது எண்டு நீங்கள் சொன்னனீங்களாம், இனி நிம்மதி" என்றார்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. நடுவில் சிரிப்பும் வந்தது, பொன்னாடையால் வாயைப் பொத்தினேன். அதற்கும் தட்டினார்கள்.

அண்ணன் மட்டும் தட்டவில்லை. கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் 18, திங்கள்

காற்று குறையவில்லை. நாளை பஸ். அடுக்கின பையைக் குலைத்துத் திரும்ப அடுக்கினேன். மிச்ச விடைத்தாள் அப்படியே.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் வந்து குசினி வாசலில் நின்றார். தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை.

"நேற்றுச் சொன்னது உண்மையோ?"

"ஓம்."

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"ஏணி பிடிக்கேக்கை தெரியும்."

"ஓம்."

ஏச்சு விழும் என்று நின்றேன். விழவில்லை.

"காணாது எண்டு சொன்ன ஆள் ஆர்? பேரைச் சொல்லு."

பேர் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள் என்றேன்.

"அப்பிடி என்னதான் சொல்றான்?"

எத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன். என் வேலையில் என்ன சரி, என்ன பிழை என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. வெறும் பால்மாத் தகர ரின் ஒன்றை எடுத்து, மேலால் கை வைத்து அமத்திக் காட்டினேன். மேல் விளிம்பை இறுக்கிப் பிடித்தால் இவ்வளவு பாரம் தாங்கும், இளக்கினால் அவ்வளவு. கலாநிதிப் பட்டத்துக்கு ஒரு விளிம்பு பார்த்தேன். பிறகு இன்னொரு விளிம்பு. பிறகு இன்னொன்று. எல்லாக் கணக்கும் சரி, எல்லாம் சஞ்சிகையில் வந்தது. ஏன் எப்பவும் இதே ரின் என்று அந்த ஆள் கேட்கிறார்.

அண்ணன் ரின்னை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அவன் சொல்றது பொய்தானே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த திருவிழா வரைக்கும் பனரைக் காவல் காத்திருப்பார்.

"பாதி உண்மை" என்றேன்.

"எந்தப் பாதி?"