சூரியக் கணக்கில் டிசம்பர் பதினேழு

தோங்யோங்,
ஜனவரி 11.

அன்பு மகன் சுங்மோவுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்ததை டிவியிலேயே பார்த்துவிட்டேன். அந்தப் பெல்ஜியம் கிளப் டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் என்னை யாரும் பாதியில் நிறுத்த முடியாது.

இங்கே சிப்பிக் கொட்டகையில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. கையுறைக்குள்ளேயே விரல் விறைத்துப்போகிறது. நீ போட்ட கோலை மால்சுன் பெரியம்மா தன் போனில் வைத்துக்கொண்டு, சிப்பி உரிக்கும் பெண்கள் ஒருத்தி விடாமல் காட்டினாள். "பாருங்கடி, பத்தாயிரம் பேரு எந்திரிச்சு நின்னு நம்ம பய பேரைப் பாடுறாங்க! நான் பெத்த மூணும் என்னை அம்மான்னு கூப்பிடவே யோசிக்குதுங்க" என்றாள். முழுப் பெயர் வாயில் நுழையாமல் அவர்கள் "மோ, மோ" என்று பாடுவது வலை இழுக்கிறவர்கள் போடும் சத்தம் மாதிரி இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். அப்புறம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தத் துறைமுகத்திலிருந்து பக்கத்துப் புசான் வரைக்கும் பந்து ஆடப் போனவன்கூடக் கிடையாது.

உன் ஏஜென்ட் அனுப்பிய வக்கீல் செவ்வாய்க்கிழமை வந்தார். பளபளக்கும் ஷூவோடு சிப்பி ஓட்டுக் குவியலில் ஏறிச் சறுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பென்றால் சொல். ஜெர்மனியில் அந்தப் பெரிய கிளப் உன்னை நான்கு வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் நடுவில் பதினெட்டு மாதம் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிற ஆள் அவர்களுக்கு வேண்டாம். இந்த வருஷம் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினால் ராணுவம் கிடையாது. அந்த அணியில், உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்ததற்கு மறு வருஷம் ஜனவரி ஒன்று முதல் பிறந்தவர்களுக்குத்தான் இடம். வயது கடந்தவர்களுக்கென்று இருக்கும் மூன்று இடமும் பெயர் பெற்றவர்களுக்குப் போய்விடும். உன் பதிவில் இருப்பது முந்தின டிசம்பர் பதினேழு. பதினைந்து நாள் முந்திவிட்டாய்.

வக்கீல் சொன்ன வழி இது. "அம்மா, கோர்ட்டுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. தீவுக்காரங்க சந்திரக் கணக்குத் தேதியை அப்படியே பதிஞ்சிட்டாங்கன்னு மனு வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றார். பன்னிரண்டாம் மாதம் பதினேழு என்பது சந்திரக் கணக்கு என்று வைத்தால், சூரியக் கணக்கில் அது ஜனவரி பத்தொன்பது ஆகிறதாம். நீ ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, தீவு வீட்டில்தான் பிறந்தாய். பெரியப்பா பிப்ரவரியில் போய்த் தாமதமாகத்தான் பதிந்தார்; அவரும் இன்று இல்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் நானும், தொப்புள்கொடி அறுத்த மால்சுன் பெரியம்மாவும்தான். நாங்கள் இருவரும் வாக்குமூலத்தில் கையெழுத்துக்குப் பதில் எங்கள் பெயர் முத்திரையைக் குத்தினால் போதுமாம்.

நீ போனில் கேட்டாய், "அம்மா, நெஜமாவே நான் என்னிக்குப் பொறந்தேன்?" என்று. வலியில் துடித்தவளுக்குக் காலண்டர் எங்கே தெரியும் என்று சிரித்துவிட்டேன். எந்தப் பதிலுக்காகக் காத்திருந்தாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. உடனே போனை வைத்துவிட்டேன்.

என் மர முத்திரையைக் காணவில்லை. அரிசிப் பானை வரைக்கும் தேடிவிட்டேன். கிடைத்ததும் எழுதுகிறேன். காலுக்கு ஐஸ் வை.

அம்மா.


தோங்யோங்,
பிப்ரவரி 8.

சுங்மோ,

முத்திரை தொலையவில்லை. முதல் நாளிலிருந்தே என் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது. பொய் சொன்னேன். இந்தக் கடிதத்தை ஆட்ட நாளில் படிக்காதே. முன்னால் ஆட்டம் இருந்தால் மூடி வைத்துவிடு.

காகிதம் இருபதாம் தேதிக்குள் போக வேண்டும் என்று வக்கீல் தினமும் கூப்பிடுகிறார். மால்சுன் பெரியம்மா தன் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டாள். "ஏண்டி, நாம பொம்பளைங்க ஆளுக்கு அஞ்சு வயசு குறைச்சுச் சொல்லிக்கிட்டுத் திரியறோம். உன் மவனுக்கு ஒரு மாசம் குறைச்சா வானமா இடிஞ்சு விழும்?" என்று கொட்டகையே அதிரக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லோரும் நீ ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள், நான் மட்டும் வேண்டாம் என்கிறேன் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

உன் அக்கா மிரான் இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. கடைசியாகப் பேசியது, "தம்பியோட வாழ்க்கையைக் கொண்டுபோய் ஒரு மரத்துண்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கியேம்மா, நீ அம்மாதானா?" என்பது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் பேசியதில் தப்பில்லை. நீ பிறந்தபோது அவளுக்கு மூன்று வயது, ஒன்றும் தெரியாது.

வக்கீல் ஒன்று சொன்னார், அதை உனக்கு முதல் கடிதத்தில் எழுதவில்லை. உன் அப்பா கடலில் போனது டிசம்பர் இருபத்தாறு. நான் அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னும் நல்லதுதாம்மா. அப்பா இறந்தப்புறம் பொறந்த பிள்ளை. துக்கத்துல பெரியப்பா தேதியைக் குழப்பிட்டார்னா ஜட்ஜுக்கு உடனே புரிஞ்சிடும்" என்றார். சிப்பிக் கத்தி கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டுத்தான் அவரோடு பேசினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, நாலாவது படிக்கும்போது பள்ளி மைதானத்தில் நீ ஒரு பையனைத் தாண்டிக் கோல் போட்டாய். அவன் அம்மா என் காதில் விழும்படி, "அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தது, காலு வேகமாத்தான் இருக்கும்" என்றாள். நான் எழுந்துபோய் அவள் முன்னால் நின்று, "என் பிள்ள ஒம்போது நாள் அப்பன் நெஞ்சு மேல படுத்துத் தூங்கினவன், வாயை அலம்பிட்டுப் பேசு" என்றேன். பயிற்சியாளர் வந்துதான் எங்களைப் பிரித்தார். உலகத்தில் உனக்கு அப்பாவிடமிருந்து கிடைத்தது அந்த ஒன்பது நாள் மட்டும்தான். அதையும் இல்லை என்று நானே எழுதி முத்திரை குத்த வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை, சுங்மோ. உனக்காக அதையும் செய்திருப்பேன். மூன்று நாள் முன்பு வாக்குமூலத்தை மேஜையில் விரித்து, சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையில் வாயால் ஊதிச் சூடேற்றவும் செய்தேன். குத்தாமல் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. இருபத்து மூன்று வருஷமாக உனக்குச் சொல்லாதது.

உன் அப்பா கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பத்தைப் பார்க்கப் போய் இறந்தார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அவர் தெப்பத்துக்குப் போகவில்லை. உன் பிறப்பைப் பதியப் போனார்.

உன் தாத்தா அப்பாவின் பிறப்பைச் சந்திரக் கணக்கில் பதிந்துவிட்டார். உண்மையில் ஜனவரியில் பிறந்தவர், காகிதத்தில் முந்தின வருஷம் டிசம்பர். அதனால் கூடப் படித்த பையன்களை விட்டுவிட்டு, ஒரு வருஷம் முன்னதாக, முகம் தெரியாதவர்களோடு ராணுவத்துக்குப் போனார். அதைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் புலம்பினார். நீ பிறந்ததும் பெரியப்பா, "திங்கக்கெழமை படகுல நான் டவுனுக்குப் போறேன், அப்படியே பதிஞ்சிட்டு வந்துடறேன்" என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. என்னிடம் வந்து, "அண்ணன் போனா பழையபடி சந்திரக் கணக்குல எழுதிட்டு வந்து நிப்பாரு. எனக்கு நடந்தது என் பயலுக்கு நடக்கக் கூடாது. நானே போறேன்" என்றார். காற்று அடங்கட்டும், பதிய ஒரு மாதம் அவகாசம் இருக்கிறதே என்றேன். "அரை மணி நேரம், போயிட்டு வந்துருவேன்" என்றார். கடைசியாக உன் பாதத்தைப் பிடித்து அமுக்கிவிட்டு, "அன்னிக்கு உதைச்சவன் இவன்தானே" என்றார். உலகக் கோப்பை நேரத்தில் நம் அணி ஜெயித்த அன்று வயிற்றுக்குள் நீ உதைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அப்போது எனக்கு மூன்று மாதம். நீ உதைக்கவில்லை, அவர் போட்ட கூச்சலில் எனக்கு வாந்திதான் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடலில்தான் கிடைத்தார். சட்டைக்குள், புகையிலை வைக்கும் பிளாஸ்டிக் உறையில், ஒரு துண்டுக் காகிதம் நனையாமல் இருந்தது. பெரியப்பா பிப்ரவரியில் அதைப் பார்த்துத்தான் அழுதுகொண்டே பதிந்தார். அதில் எழுதியிருப்பது: "பே சுங்மோ. ஆண். டிசம்பர் 17, காலை 5.40. சூரியக் கணக்கு." கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு. பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கிறது.

உன்னால்தான் அப்பா போனார் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயந்து இதைச் சொல்லாமல் இருந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அப்படி நினைத்தாயானால் இங்கே வந்து என் முன்னால் நின்று சொல், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். அவர் போனது காற்றால்.

இந்த உறையில் மூன்றும் இருக்கின்றன: அப்பாவின் காகிதம், குத்தாத வாக்குமூலம், என் முத்திரை. மைப்பெட்டி எந்த ஊரிலும் கிடைக்கும். உன் கால், உன் வயது, உன் பத்து வருஷ உழைப்பு. குத்தினால் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். கோர்ட்டில் கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டு வருவேன். என் கையால் மட்டும் முடியாது, என்னை மன்னித்துவிடு. சாப்பிட்டுவிட்டு யோசி, வெறும் வயிற்றோடு யோசிக்காதே.

உன் அம்மா.


தோங்யோங்,
மே 14.

நோன்சான் பயிற்சி முகாமில் இருக்கும் சிப்பாய் பே சுங்மோவுக்கு,

இப்படி விலாசம் எழுத எனக்குக் கை கூசுகிறது. உறையைப் பார்த்த மால்சுன் பெரியம்மா, "சிப்பாயாம்ல, சிப்பாய்! ஜெர்மனியில இருக்க வேண்டியவன்!" என்று மூக்கைச் சிந்தினாள். அப்புறம் உனக்கென்று உலர்ந்த நெத்திலி ஒரு பை கொண்டுவந்தாள். முகாமுக்குத் தின்பண்டம் அனுப்பக் கூடாதாம், அதனால் மிரானும் நானும் தின்றுவிட்டோம். மிரான் என்னோடு பேசுகிறாள். நீ வீட்டுக்கு வந்து அப்பாவின் காகிதத்தை அவளிடம் காட்டிய அன்று அவளும் நானும் சமையலறையில் உட்கார்ந்து அழுதோம்.

முத்திரையைத் திருப்பித் தந்தாய். அதன் முகத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். மை ஒட்டவில்லை. வாக்குமூலம் எங்கே என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜெர்மன் கிளப் வேறொருவனை எடுத்துக்கொண்டதைப் பத்திரிகையில் படித்தேன். பெல்ஜியம் பயிற்சியாளர், முடித்துவிட்டு வா, பார்க்கலாம் என்றாராமே. பார்க்கலாம் என்பது வாக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் உன் வழியில் குறுக்கே நின்றேனோ என்று இன்னும் சில நாள் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இல்லை என்று நீ எழுத வேண்டாம். எழுதினாலும் நம்ப மாட்டேன்.

ஆனால் ஒன்று. நீ முகாமுக்குள் போன அன்று நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் மற்ற அம்மாக்களோடு நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒவ்வொரு பெயராகப் படித்தார். உன் முறை வந்தது. "பே சுங்மோ, டிசம்பர் பதினேழு" என்றார். மொட்டையடித்த தலையோடு நீ நிமிர்ந்து, "நான்தான்!" என்று கத்தினாய். பக்கத்தில் நின்றவள், "யாரு பெத்த பிள்ளைங்க இது, காது கிழியுது" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஓர் அதிகாரியின் மேஜை முன்னால் அந்தத் தேதியைச் சொல்லத்தான் உன் அப்பா அன்று படகை எடுத்தார். அவர் போய்ச் சேரவில்லை. நீ போய் நின்று சொல்லிவிட்டாய்.

இடது காலைப் பார்த்துக்கொள். பூட்ஸ் கடித்தால் மேலதிகாரியிடம் வெட்கப்படாமல் சொல். பிறந்தநாள் வந்தால் ராணுவத்திலும் வீட்டு வழக்கப்படி கடற்பாசி சூப் கொடுப்பார்களாம், மீதி வைக்காமல் குடி. டிசம்பர் பதினேழில் நானும் இங்கே காய்ச்சி, அப்பா படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைப்பேன்.

பதினெட்டு மாதமும் குறையில்லாமல் முடிந்து நீ மறுபடி அந்தப் புல்லில் இறங்க வேண்டும். அந்தப் பத்தாயிரம் பேரும் மறுபடி எழுந்து பாட வேண்டும். இந்தத் தடவை மட்டும் மோ, மோ என்று விட்டுவிடாதே. முழுப் பெயரையும் சொல்லப் பழக்கு. அது உன் அப்பா தன் கையால் எழுதிக்கொண்டு போன பெயர்.

என்றும் உன் அம்மா.