பந்து பிடித்த கை தந்த வாக்கு

12.8.2003, செவ்வாய்

உழைக்கும் தோழர்களே! சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கைகளுக்குக் கையுறை எங்கே? ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை வாயிலில் இன்று காலை இப்படித்தான் முழங்கினேன்.

தோல் வாங்க வந்த அமெரிக்கர் நின்று கேட்டார். பந்தைக் கையால் பிடித்து, முட்டிமோதி ஓடும் அவர்கள் நாட்டு ஆட்டத்தில் ஒருகாலத்தில் பெரும்புகழ் பெற்றவராம். தொழிலாளி கன்னியப்பனின் புண்பட்ட கையருகே தம் கோணிய விரல்களை வைத்துப் பார்த்தார். கையுறை தராத முதலாளியிடம் சரக்கு வாங்கேன் என்று என் கையிலடித்து வாக்களித்தார். பொன்னாடை போர்த்தினேன்.

பிற்பகலில் மீண்டும் கண்டேன். தோளில் அதே பொன்னாடை. என்னைப் பார்த்து, நீங்கள் யாரென்று கேட்டார்.

“பார்த்தீங்களா தலைவரே, இன்னா நடிப்பு!” என்றான் கன்னியப்பன்.

மொழிபெயர்க்க வந்த சலீம் என்னைத் தனியே அழைத்தார். “நடிப்பில்லண்ணே. ஆட்டத்துல தலையில அடி ஜாஸ்தி. காலைல சொன்னது மதியம் நினைப்புல நிக்காது. அவர பேஜார் பண்ணாதீங்க.”

யார்மீது சினம் கொள்வேன்? மறந்தவரின் வாக்கு வாக்காகுமா? அதை எழுதி அவரிடம் கையொப்பம் கேட்பது அறமா, ஏய்ப்பா? விளங்கவில்லை. கன்னியப்பனின் புண்ணும் ஆறவில்லை.

நெஞ்சே, குழம்பியது போதும்! நாளை அவர் வண்டியேறுமுன் கன்னியப்பனை அழைத்துச் செல். அந்தக் கைகளை முதலிலிருந்து காட்டு. அவர் மறக்குமுன் எழுதி வாங்கு!