இரண்டு புடவை நீள ஒயர்

ஜூலை 30, புதன்

எழுந்ததும் முதல் வேலையாக மரம் தேய்க்கும் சாண்டிங் மெஷினின் ஒயரை எடுத்து, கறுப்பு டேப் சுற்றிய இடத்தை முகர்ந்து பார்த்தேன். இன்னும் கருகல் வாடை. பல்கூடத் தேய்க்கவில்லை. வெளியே ஆடிக்காற்று. மொட்டை மாடிக் கதவு தானே திறந்து தானே மூடிக்கொண்டிருந்தது, யாரோ போய் வருவது போல.

போன ஞாயிறு பொறி பறந்த இடம் அது. மெஷினோடு வந்த ஒயர் கைக்கெட்டும் நீளம்தான். அதோடு ஏதோ பழைய ஒயரை முறுக்கி டேப் சுற்றியது நானேதான். இனி ஒட்டு வேண்டாம். மெஷினுக்குள்ளிருந்து பிளக் வரை ஒரே ஒயர்.

சேகர் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன, உன் ரெண்டாவது புருஷன் கருகிட்டானா?"

"ஒயர் மட்டும்தாங்க. நீளமா வாங்கி மாத்தப்போறேன்."

"காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்கு நீள ஒயர்?"

ஒயரைச் சுருட்டி வைத்தேன். ஆவணியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புத்தூருக்குக் குடிபோகிறோம். சே.யின் தம்பி ரகு சென்னைக்குப் போகிறான், அவன் ஃபிளாட் எங்களுக்கு. லிஃப்ட் உண்டு. சே.யின் முழங்காலுக்கு இந்த வீட்டுப் படிகள் ஒத்துவரவில்லை. என் ஆஸ்பத்திரி வேலையும் அங்கேயே, நடந்து போகலாம். ஆடியில் வீடு மாற்றக் கூடாது, அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரகுவுக்கு முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பான்.

எல்லாம் சரியான காரணங்கள். ஆனால் அந்த ஃபிளாட்டில் மொட்டை மாடிக்குப் பூட்டு. மெஷின் சத்தம் கூடாது.

மாலை அளவு எடுத்தேன். சமையலறை பவர் பிளக்கிலிருந்து படி ஏறி, மாடியின் மேற்கு மூலை வரை. நான் செய்துகொண்டிருக்கும் மேசைக்கான வாகைப் பலகைகள் அங்கேதான் கிடக்கின்றன. அளக்கும் டேப் எங்கே போனதோ. வீட்டுக்கார மாமி துடைக்கக் கொடுத்த பழைய நூல்புடவை கையில் கிடைத்தது. அதை விரித்து விரித்து அளந்ததில், சரியாக இரண்டு புடவை.

மாமி துணி உலர்த்த மேலே வந்தார். "என்னடிம்மா, என் பழம்புடவையை ஊர்கோலம் விட்டுண்டிருக்கே?"

"ஒயருக்கு அளவு பாக்கறேன் மாமி."

"பாரு, பாரு. கொடி மேல படாம பாரு. மடித்துணி."

கொடிக்கு அடியில் குனிந்து போனேன். காற்றில் புடவை ஊதி எழுந்து, கொஞ்ச நேரம் கையை விட்டுப் போகப் பார்த்தது. அப்படியே விட்டிருந்தால் கொள்ளிடம் வரை போயிருக்கும்.

ஜூலை 31, வியாழன்

வெயில். ஆஸ்பத்திரியில் ஃபைல்கள், ஃபைல்கள். ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வேலை முடிந்து மேலரண் சாலைப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை. கடைக்கார பாய் இரண்டு சுருளை மேசையில் போட்டார். ஒன்று வழவழவென்று வெள்ளை. இன்னொன்று கறுப்பு ரப்பர். வெள்ளையை மடித்தால் மடித்தபடியே முரண்டு பிடித்து நின்றது. கறுப்பு, தூங்குகிற பூனை போலக் கையில் தொய்ந்தது.

"ரப்பரே எடுங்கக்கா. வெயில்ல கெடந்தாலும் வெடிக்காது. உள்ள மூணு கம்பி, த்ரீ கோர் போட்டுறவா?"

"டூ கோர் போதும் பாய். உள்ள ரெண்டு திருகுதான் இருக்கு. எர்த் கெடையாது."

"தெறந்து பாத்துட்டீங்களா! சரி, நீளம்?"

"ரெண்டு புடவை."

சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சே.யின் ஃபோன். ரகு திரைச்சீலைகளை விட்டுவிட்டுப் போகட்டுமா, கழற்றட்டுமா என்று கேட்கிறானாம். நிறம் பச்சையாம். பச்சைத் திரைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் கண்ணில் வந்தது. பாய் விரலில் ஏதோ கணக்குப் போட்டு, "சரிங்களாக்கா?" என்றார். தலையாட்டினேன். வெட்டிவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம். பாலத்தில் காவிரி நிறைய. மடியில் ஒயர்ச் சுருள். இதைப் பிரித்துக்கொண்டே போனால் எதுவரை போகும்? தென்னை உச்சிகளுக்கு மேலே, ஆற்றுக்கு மேலே. நடு மணல்திட்டில் உட்கார்ந்து மரம் தேய்ப்பேன். தூள் தண்ணீரில் மிதந்து போகும். யாரும் கூப்பிட மாட்டார்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒயர் மாடிக் கதவைத் தாண்டவில்லை.

மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் நீளுமா? மாமி படியில் உட்கார்ந்து சிரி சிரி என்று சிரித்தார்.

"அசடே, அது ஒம்பது கஜம்டி! உன் கடைக்காரன் மடிசாரைக் கண்டானா?"

நான்கு வருஷமாகத் தினமும் கொடியில் பார்க்கிற புடவை. தோன்றவே இல்லை.

சே.க்கு விஷயம் தெரிந்ததும் ஒயரை வாங்கிப் பார்த்தார். "இது புத்தூர் பால்கனிக்கு அளவா இருக்குமே. அங்க சின்னச் சின்னதா ஏதாவது பண்ணிக்கோயேன். கதவை மூடிக்கிட்டா சத்தம் கேக்காது. ரகுகிட்ட நான் பேசறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்காக யோசித்துத்தான். அதனால் கோபப்படவும் முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலை மறுபடி பாய்.

"எங்க வீட்ல எல்லாம் ஆறு கஜந்தாங்கக்கா, எனக்கென்ன தெரியும்! ஜாயிண்ட் அடிச்சுத் தரவா? தெரியவே தெரியாது."

"வேணாம் பாய். ஒரே ஒயரா குடுங்க."

"அவ்ளோ தூரத்துக்கு மேல போயி என்னக்கா பண்றீங்க?"

மேசை என்றேன். பாதிதான் உண்மை.

ஆகஸ்ட் 2, சனி

லீவு. காற்று கொஞ்சம் அடக்கம்.

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஹாலில் செய்தித்தாள் விரித்து மெஷினைத் திறந்தேன். உள்ளே பொன்னிறத் தூள், மாதக்கணக்கில் சேர்ந்தது. ஊதினால் வாகை வாசனை. பழைய ஒயரை எடுத்தேன். புதியதன் நுனியைச் சீவி, முறுக்கி, இரண்டு திருகிலும் மாட்டி, ஒயரைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப்பை இறுக்கி, மூடியைப் பொருத்தி நிமிர்ந்தால், மெஷின் கழுத்தில் ஒயர் மேல் வர வேண்டிய ரப்பர் உறை தரையில் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. அதை முதலில் கோத்திருக்க வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன்.

சே. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். கால் நீட்டியபடி. மடக்க முடிவதில்லை இப்போதெல்லாம்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட?"

"கத்துக்கல. தெறந்தா தெரியுது."

"என்னையும் ஒரு நாள் தெறந்து பாரு. முட்டியில என்னதான் கெடக்குன்னு."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே முழங்காலைத் தடவிக்கொண்டார். இவரை இந்தப் படிகளில் இன்னொரு வருஷம் ஏற்ற முடியாது. அது தெளிவு.

வாங்க வேண்டியது: எண்பதாம் நம்பர் உப்புத்தாள், எலுமிச்சம்பழம், சே.யின் மாத்திரை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. விடியும்போதே தெருவில் கூட்டம், எல்லோரும் காவிரிக்கரை அம்மா மண்டபத்தை நோக்கி. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். மாமிக்குக் கொடுக்கவில்லை, மற்றவர் சமைத்ததைச் சாப்பிட மாட்டார். பூ மட்டும் கொடுத்தேன்.

சாப்பிட்டதும் மாடி. ஒயரைச் சுருளாகவே விட்டால் சூடாகும் என்று முழுவதும் பிரித்து, படிகளின் ஓரமாகவே போட்டுக்கொண்டு வந்தேன். கொடிக்கு அடியில், தொட்டிக்கு அந்தப் பக்கம், மேற்கு மூலை. அங்கே போயும் கொஞ்சம் மிச்சம். சுவிட்ச். கையில் அந்தச் சின்ன நடுக்கம் ஏறி முழங்கை வரை வந்தது. தூளைக் காற்று வாங்கிக்கொண்டு போனது. மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோயில் கோபுரத்துக் கிளிகள் ஒரு தடவை தலைக்கு மேலே போயின. நான் எங்கே இருக்கிறேன் என்பதே சற்று நேரம் மறந்திருந்தது, வெயில் முதுகில் சுடும் வரை.

கீழேயிருந்து சே.யின் குரல். "ரகு லைன்ல இருக்கான்! என்ன சொல்லட்டும்?"

மெஷினை நிறுத்தினேன். பலகை மேலிருந்த தூளைக் கையால் துடைத்தேன்.

"சரின்னு சொல்லிடறேன்! கேட்டுச்சா?"

"சொல்லுங்க," என்றேன்.

சொல்லட்டும். அந்த வீடு அவருக்கு வேண்டும். லிஃப்ட் வேண்டும். ஆனால் நான் போகப்போவதில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போய் அவரோடு சாப்பிடுவேன். சாயங்காலம் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவேன். இந்த வீட்டு வாடகை என் சம்பளத்திலிருந்து. எப்படிச் சொல்வது, ஊர் என்ன சொல்லும், ஒன்றும் யோசிக்கவில்லை. மாமியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் அவர் சாமான்களை மட்டும் கட்டுவேன்.