பாஸின் பிரிட்ஜை இறக்கிவிட்டேன்

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. நேற்றுக் கோபத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள். இப்போதாவது சாப்பிடுங்கள்.

உங்கள் ஆளுயர டபுள் பாஸின் தந்தி கரகரவென்று இரைகிறது என்று மூன்றாம் முறையாக என் வாத்தியப் பட்டறைக்குத் தூக்கி வந்தீர்கள். நான் வாசித்தால் இரையவே இல்லை. எரிச்சலில், "பாஸ்ல ஒண்ணுமில்லப்பா, உங்க விரல்தான் அழுத்த மாட்டேங்குது" என்று சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

இன்று காலை தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் இரண்டு திருகாணிகளையும் ஒன்றரைச் சுற்று இறக்கிவிட்டேன். தந்தி இப்போது விரல்பலகையை ஒட்டிக் கிடக்கிறது, லேசாகத் தொட்டாலே போதும். ஆனால் யார் வாசித்தாலும் இரையும். வாசித்துப் பார்த்தேன், எனக்கும் இரைந்தது.

அடுத்த கச்சேரிக்கு உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்க்க, நாலு மணிக்கு உங்கள் இசைக்குழுத் தலைவர் வருகிறார். அவர் முகம் சுளித்தால், "எம் பொண்ணு ரிப்பேர் பண்றேன்னு கெடுத்து வச்சிட்டா" என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை.

நான் வர ஏழாகும். உள்தாழ்ப்பாள் போட வேண்டாம், சாவி என்னிடம் இருக்கிறது.

பி.கு. அவருக்குக் காப்பி போடுவீர்கள். காப்பித்தூள் டப்பா மூடியை இறுக்காமல் வைத்திருக்கிறேன்.