சம்பந்தி ஓட்டும் கார்

ஜூன் 3

மகளின் பிரசவத்துக்காக இரண்டு சம்பந்தி வீட்டாரும் இந்த வெளிநாட்டுக்கு வந்தாயிற்று; இன்று வாடகைக் காரும் வந்துவிட்டது. சம்பந்தி பெயரில் எடுத்தது, அவர் மட்டும்தான் ஓட்டலாம். "பையனுக்கு ஆபீஸ். மாசமா இருக்கற பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நாம எதுக்கு இருக்கோம்?" என்றார். நல்ல மனசுதான். கம்பீரமாக வலது கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். நானும் பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஏறினேன். ஸ்டியரிங் என் முன்னால் இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 4

லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரிவர்ஸில் கோட்டைத் தொட்டதற்காக மேலதிகாரியின் மச்சானையே "அடுத்த மாசம் வா" என்று திருப்பி அனுப்பியவன்.

இன்று சம்பந்தி கேட்டைத் தாண்டியதும் நம் ஊர் மாதிரியே இடது ஓரமாகப் போனார். எதிரே வந்த கார்கள் எல்லாம் அலறின. "புது ஆளுன்னு தெரிஞ்சு மரியாதை பண்றாங்க போல" என்றார்.

"பிரமாதமா ஓட்டறீங்க சம்பந்தி" என்றேன்.

வேறென்ன சொல்வது? கல்யாண மண்டபத்தில் வாசலை அடைத்து நின்ற அவர் காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். பெண்ணைக் கொடுத்தவன் அதட்டிவிட்டான் என்று ஒரு வருஷம் பேச்சில்லை. அதற்கான பேச்சையெல்லாம் என் மகள் வாங்கிக்கொண்டாள். விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டாள்: "அப்பா, உங்க கால்ல விழறேன். இந்தத் தடவை வாயைத் திறக்காதீங்க."

ஜூன் 6

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "இந்த ஊர்ல மரமெல்லாம் வலது பக்கம்தான் அழகா இருக்கு சம்பந்தி." திரும்பி மரத்தைப் பார்த்து ரசித்தார். இடது பக்கமே போனார்.

ஜூன் 7

இண்டிகேட்டர் என்று நினைத்து சம்பந்தி எதையோ தட்ட, திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பர் ஆடுகிறது. மழை இல்லை.

ஜூன் 10



ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரவுண்டானா. எல்லோரும் வலது பக்கமாகச் சுற்ற, இவர் இடது பக்கம் ஒடித்தார். நேர் எதிரே லாரி. பின்சீட்டில் என் பெண், வயிற்றில் கையை வைத்தபடி—

"யோவ்! வலது பக்கம் திருப்புய்யா! அறிவிருக்கா உனக்கு?"

திருப்பிவிட்டார். லாரி உரசாமல் போனது.

வீட்டில் லாரியைப் பற்றி யாருமே பேசவில்லை. சம்பந்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போயும் போயும் சம்பந்தியையா யோவ்னீங்க?"

"லாரி வந்ததுடி."

"லாரி வரும், போயிடும். சம்பந்தி அப்படியா?"

ஜூன் 11

சாப்பாடு அவர் அறைக்கே போகிறது. மகள் என்னைத் திட்டவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

நான் என்னதான் பண்ணியிருக்கணும்? லாரிக்காரன்கிட்ட, "ஐயா, நாங்க பொண்ணு வீடு, வாய் திறக்கக்கூடாது, நீங்களே கொஞ்சம் ஒதுங்கிப் போங்க"ன்னா சொல்ல முடியும்? பயமா இருக்கு. அவ உசிரைக் காப்பாத்தறேன்னு அவ வாழ்க்கையைக் கெடுத்துட்டேனோ?

சாயங்காலம் சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்ல நினைச்சதைச் சொல்லிட்டீங்க." காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

ஜூன் 13

கார் சாவி மேஜைமேலேயே கிடக்கிறது.

ஜூன் 17

மறுபடி ஆஸ்பத்திரி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்ஸிக்குச் சொல்லலாமா என்று நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தி வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். நான் பின்சீட்டுக்கு நழுவப் பார்த்தேன். மகள் விடவில்லை, முன்னால் தள்ளினாள்.

கேட் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே வண்டியை நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"யோவ் சம்பந்தி, எந்தப் பக்கம்யா?"

பின்னால் மகள் சிரித்தேவிட்டாள்.

"வலது பக்கம்தான்யா" என்றேன்.